மூன்று ஏக்கர் மேடு

குடை வாங்க வந்தவர் முதலில் ஒரு கேத்தல் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுக்கப் போனேன். அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை. குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கடைக்கு நடுவில் நின்றார்.

"ஊத்துங்க தம்பி மொதலாளி" என்றார்.

"அக்கா, அது ஒழுகாது. கொழும்பிலிருந்து வந்த சாமான்."

"ஒழுகாதுன்னு எனக்கும் தெரியும். தண்ணி எங்க போகும்னு பாக்கணும்ல."

துணிக்கட்டுகள் நனைந்தால் வாப்பா என்னை உயிரோடு விடமாட்டார். அவரை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஊற்றினேன். தண்ணீர் குடையின் பின்பக்கமாக ஓடி அவருடைய முதுகில் இறங்கியது. "இது முதுகுல எறக்குது. வேற காட்டுங்க." நான்கு குடைகளை நனைத்து, ஐந்தாவதை வாங்கிக்கொண்டு போனார். பதுளைப் பஜாரில் அன்றைக்குப் பாதிப் பேர் எங்கள் கடை வாசலில்தான் நின்றார்கள். வெயில் காயும் நேரத்தில் வேலைமெனக்கெட்டு ஒருத்திக்குக் குடை பிடித்துத் தண்ணீர் ஊற்றும் பைத்தியக்காரன் யாரென்று பார்க்க வந்தவர்கள். அதில் இரண்டு பேர் இடுப்பில் கட்டச் சாரம் வாங்கினார்கள் என்பதால் வாப்பா ஒன்றும் சொல்லவில்லை.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். கடிதங்களில் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் வாயால் ஒருதடவைகூடச் சொன்னதில்லை. எங்கள் கடையில் அவர் குடைக்கார அக்கா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பசறைக்குப் போகும் வழியில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தார். அப்போது நாற்பது வயதிருக்கும். புருஷன் அதே தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். தேயிலை மலையில் மழைத் தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போகாமல் சரிவுக்குக் குறுக்கே வெட்டும் வாய்க்காலைத்தான் அங்கே கான் என்பார்கள். மனிதர் வாயைத் திறந்து பேசி நான் கேட்டதில்லை. மனைவிக்குப் பின்னால் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, மனைவிக்குப் பின்னால் போவார். ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள். வந்தால் கூடவே ஒட்டிக்கொண்டு வருவாள்.

தண்ணி எங்க போகும் என்பது அக்காவுக்கு வெறும் வாய்ப்பேச்சு அல்ல. அவர் உலகத்தையே அந்த ஒரு கேள்வியால்தான் பார்த்தார். ஒருமுறை ஐப்பசி மழையில் கடைக்குள் ஒதுங்கியவர், என்னோடு பேசிக்கொண்டே தரையைக் குனிந்து பார்த்தார். "பின்பக்கச் செவுத்துக்கு அந்தாண்ட என்ன இருக்கு?" என்று கேட்டார். ஒரு பழைய சாக்கடை, அடைத்துவிட்டார்கள் என்றேன். "அப்ப அடி அடுக்குல இருக்குற துணிய மேல எடுங்க. இப்பவே." எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தாமே தூக்க ஆரம்பித்துவிட்டார். நானும் தூக்கினேன். கால் மணி நேரத்தில் பின்சுவரின் அடியிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. அப்போது அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கடை முழுகுகிறதே என்ற கவலை கொஞ்சமும் இல்லை. சொன்ன இடத்தில் சொன்னபடி தண்ணீர் வந்துவிட்ட சந்தோஷம்.

"கட சொந்தமா?" என்று கேட்டார், முழங்கால்வரை நனைந்து நின்றபடி.

"வாடகை அக்கா."

"அதான் சாக்கடைய அடச்சிருக்கான். சொந்தக்காரன் இங்க ஒக்காந்திருந்தா அடைப்பானா?"

தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த வரிசை அறைகளான லயத்துக்குப் பின்னால் இருந்த ஊற்று ஒருநாள் கலங்கி வந்ததைப் பார்த்துவிட்டு, ஆட்டுக் கொட்டிலைப் பிரித்து வேறு பக்கம் கட்டினாராம். லயமே கூடி நின்று சிரித்ததாம். மூன்றாம் நாள் மண்மேடு சரிந்து பழைய கொட்டில் இருந்த இடத்தை மூடிவிட்டது. இதை அவர் சொல்லவில்லை. அதே தோட்டத்திலிருந்து வந்த இன்னொரு பெண், குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ மந்திரம் தெரிந்தவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

இப்படிப்பட்டவர் கடல் தாண்டி, கண்ணால் பார்க்காத ஒரு நிலத்தை வாங்கக் கிளம்பினார். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்து ஆட்களில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டிருந்த காலம். அக்கா வீட்டாருக்குக் கண்டியிலிருந்து இந்தியப் பாஸ்போட் வரவேண்டியிருந்தது. வந்தால் கப்பலேற வேண்டும். போகிறவர்களில் பலர் அங்கே போயும் யாரோ ஒருவருடைய தோட்டத்தில், யாரோ கொடுத்த அறையில்தான் இருக்கிறார்கள் என்று கடிதங்கள் வந்துகொண்டிருந்தன.

"எங்க ஆத்தா பொறந்ததும் லயத்துல, செத்ததும் லயத்துல. பொதச்ச குழியும் தோட்டத்துக்குத்தான் சொந்தம்" என்று அக்கா ஒருநாள் சொன்னார். "நான் போயி எறங்குறப்ப எம்பேருல நெலம் இருக்கணும் தம்பி. எறங்குன பொறகு வாங்கலாம்னா, அதுக்குள்ள எவனாச்சும் ஒரு ரூம்பக் குடுத்து ஒக்கார வச்சிருவான்."

என் வாப்பாவின் வாப்பா காலத்திலிருந்து நாங்களும் வாடகைக் கடையில்தான் இருந்தோம்.

தோட்டத்துக்கு வரும் தபால் எல்லாம் ஆபீசுக்குப் பையில் போகும். இந்தியத் தபால்தலை ஒட்டிய கடிதம் ஒன்று வந்தால் பெரிய கிளார்க்கின் கண்ணில் படாமல் போகாது. அந்திக்குள் மலை முழுவதும் தெரிந்துவிடும். அதனால் அக்கா என் கடை விலாசத்தைக் கொடுத்தார். கடிதம் எனக்கு வரும். அவர் ஞாயிற்றுக்கிழமை வந்தால் படித்துக் காட்டி, சொல்லச் சொல்லப் பதிலும் எழுதுவேன். அப்படித்தான் நான் அந்த நில வியாபாரத்துக்குள் தலையைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பெருநாள்.

துறையூர்ப் பக்கத்தில் புருஷனுடைய பங்காளி ஒருவர் இருந்தார். அவர் இரண்டு நிலம் பார்த்து எழுதியிருந்தார். ஒன்று ஏரிக்குக் கீழே ஒரு ஏக்கர் பள்ளம், மழை பெய்தால் தண்ணீர் தேங்கி நிற்கும். இன்னொன்று அதே விலைக்கு மூன்று ஏக்கர் மேடு, தண்ணீர் நிற்காது. பள்ளத்தை வாங்குங்கள் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்.

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பைத்தியமா அந்த ஆளுக்கு? தண்ணி நிக்குற எடத்துல செடி நிக்குமா? வேரழுகிப் போயிரும். நம்ம பத்தாம் நம்பர் மலையில அடிப்பள்ளம் பூரா அப்படித்தான செத்துச்சு."

பெஞ்சில் இருந்த புருஷன் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். தேயிலை பார்த்து வளர்ந்த மூன்று பேரும் ஒன்றாகத் தலையை ஆட்டினோம். ஒரு ஏக்கர் கொடுக்கிற விலைக்கு மூன்று ஏக்கர், அதுவும் தண்ணீர் தேங்காத சரிவு. இதைவிட என்ன வேண்டும்? மேட்டைத்தான் வாங்க வேண்டும் என்று நான் என் பங்குக்கும் நாலு வரி சேர்த்து எழுதினேன். நல்ல தமிழில் எழுதினேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பங்காளி மறுபடி எழுதினார்: 'அந்த மேட்டில் ஆடுகூட மேயாது.' அக்கா கண்ணைச் சுருக்கினார். "மேட்ட அவரு எடுத்துக்கப் பாக்குறாரு தம்பி. இல்லாட்டி எதுக்கு இம்புட்டுத் தூரம் தடுக்கணும்? மண்ணு அனுப்பச் சொல்லி எழுதுங்க."

மண் வந்தது, ஒரு கடித உறைக்குள். வரும் வழியிலேயே மூலை கிழிந்து, தபால்காரரின் பையில் இருந்த எல்லாக் கடிதத்துக்கும் செந்தூரம் பூசியிருந்தது. அவர் என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமை அக்கா அந்த மண்ணை என் தேநீர்ச் சாசரில் கொட்டினார். சிவப்பு மண், குறுணிக் கல். கேத்தலிலிருந்து சொட்டுச் சொட்டாக ஊற்றினார். தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் உருண்டு ஓடிச் சாசரின் விளிம்பில் நின்றது.

"பாத்தீங்களா, நிக்காம ஓடுது" என்றார். "இதான் தம்பி. இதான் என் நெலம்."

ஒரு வருஷத்துக்கு முன்பு கப்பலேறிய தங்கச்சி, அக்காவின் அட்டியலைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு போயிருந்தாள். பணம் கொண்டு போக விடமாட்டார்கள் என்பதால் லயத்தில் அதுதான் வழக்கம். முன்னால் போகிறவள் பின்னால் வருகிறவளின் நகையைப் பூட்டிக்கொண்டு போவாள். அந்த அட்டியல்தான் விலை. அக்காவிடம் வேறு ஒன்றும் இல்லை.

நிலத்தை அவர் பேரில் பங்காளி வாங்க, அதிகாரம் தந்து ஒரு பத்திரம் எழுத வேண்டியிருந்தது. பத்திரம் முடித்துக் கொடுக்கும் நொத்தாரிசிடம் கூட்டிப்போனேன். கைநாட்டு வைத்தால் ரேகை விழவில்லை. கறைதான் விழுந்தது. இருபத்தைந்து வருஷம் கொழுந்து கிள்ளிய விரல். நொத்தாரிஸ் மூன்று தடவை துடைத்துத் துடைத்து வைக்கச் சொன்னார். நான்காவது தடவை அக்கா தாமே இடது கையின் மோதிர விரலை நீட்டினார். "இதுக்கு அவ்வளவா வேல இல்லீங்க. இதுல இருக்கும்." இருந்தது.

அங்கிருந்து அடுத்த கடிதம் வந்தது. பத்திரம் எழுதுகிறவர், இந்த அம்மா எந்த நாட்டுப் பிரஜை என்று எழுதுவது என்று கேட்கிறாராம். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு முழித்தேன். இங்கே அவரை இந்தியாக்காரி என்றார்கள். அங்கே சிலோன்காரி என்கிறார்கள். பாஸ்போட் இன்னும் கண்டியில் இருக்கிறது. கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

"என்னக்கா எழுத?"

"நெலத்துக்குச் சொந்தக்காரின்னு எழுதுங்க" என்றார், நூல் விலை கேட்பதுபோல.

அப்படியே எழுதினேன். கடைசியில் அவர்கள் 'தற்போது இலங்கை, பதுளையில் வசிக்கும்' என்று போட்டு முடித்துவிட்டார்கள். பத்திரத்தின் நகல் ரெஜிஸ்டர் தபாலில் வந்த அன்று அக்கா கடைக்குள் நுழைந்த வேகத்தில் ஒரு துணிக்கட்டு சரிந்தது. பெயர் எங்கே என்று கேட்டார். காட்டினேன். எழுத்துத் தெரியாதவர் அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். மகள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். இன்னொருதரம் படி என்றார். ஒன்பது தரம் படித்தாள்.

அடுத்த ஞாயிறு என்னைத் தோட்டத்துக்கே வரச்சொன்னார். பதினோராம் நம்பர் மலையில் ஒரு கல்லிலிருந்து ஒரு சவுக்கு மரம்வரை கையைக் காட்டி, "மூணு ஏக்கர்னா இம்புட்டு" என்றார். கடையில் காகிதத்தில் எழுதிய மூன்று, இங்கே ஒரு மலைமுகம் முழுக்க விரிந்து கிடந்தது. இங்கே வீடு, இங்கே மாடு, இங்கே முதல் கான் என்று அவர் தேயிலைக்கு நடுவில் ஓடி ஓடிக் காட்டினார். நானும் பின்னால் ஓடினேன். இரண்டு அட்டை கடித்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

இந்தப் பெருமையை நான் சும்மா வைத்திருப்பேனா? எங்கள் கடைக்குச் சாரம் போடும் வியாபாரி ஒருவர் திருச்சிப் பக்கத்து ஆள். அவர் வந்தபோது தேநீர் கொடுத்து உட்காரவைத்து, பள்ளத்தைத் தள்ளிவிட்டு மேட்டை வாங்கிய எங்கள் சாமர்த்தியத்தை எடுத்துச் சொன்னேன். மனிதர் சிரித்த சிரிப்பில் தேநீர் சட்டையில் கொட்டியது.

"மேட்டு நெலமா? நம்ம ஊர்ல மேட்ட எவனும் சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டானே தம்பி. பதினோரு மாசம் வெயிலு. பள்ளத்துல தேங்குற தண்ணிக்குத்தான் வெலையே."

மழையில் வாழ்கிறவர்கள் தண்ணீரை வெளியே அனுப்பத்தான் கற்றிருந்தோம். தண்ணீருக்கு ஏங்குகிற ஊர் ஒன்று இருக்கும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவம் அந்தப் பங்காளி, நல்லதைத்தான் சொல்லியிருக்கிறார். நாங்கள் அவரைக் கள்ளனாக்கிவிட்டோம்.

ஞாயிறு வந்ததும் சொன்னேன். மறைத்துவிடலாம் என்று நினைத்ததும் உண்மை. அக்கா துணிக்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் அட்டியல் இருந்த இடத்தைத் தடவினார்.

"போச்சா தம்பி?"

புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்கா தலையை நிமிர்த்தினார்.

"மழையே பெய்யாதாமா?"

"பெய்யுமாம். வருஷத்துல ஒரு மாசம். கொட்டுமாம்."

"கொட்டுற தண்ணி எங்க போகும்?"

"பள்ளத்துக்கு."

"எது வழியா?"

"மேட்டு வழியா."

கேட்டுவிட்டு அவர் எழுந்து நின்றார். நான் சொன்ன பதில் எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது.

"அப்ப மொதல்ல எங்கிட்டதான வரும்" என்றார் அக்கா. "வந்தத ஏன் விடணும்? கானுக்குச் சரிவா வாட்டம் குடுத்தா ஓடும். வாட்டம் குடுக்காட்டி நிக்கும்." புருஷன் பக்கம் திரும்பினார். "வெட்டலாமா?"

அந்த மனிதர் என் கடையில் முதன்முதலாகப் பேசினார். "வாட்டம் இல்லாம மட்டமா வெட்டுறது கஷ்டம். செவப்பு மண்ணு, கல்லு வேற." கொஞ்சம் யோசித்தார். "ஆனா வெட்டலாம்."

நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல், கடை திறந்திருக்கும்போதே.

அடுத்த தைக்குள் பாஸ்போட் வந்தது. பதுளை ஸ்டேஷனில் அன்றைக்குப் போகிறவர்களும் அனுப்ப வந்தவர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கதறிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் சொந்தபந்தங்களைக் கட்டிக்கொண்டு நன்றாக அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்ததும் தகரப் பெட்டியைத் திறந்து எனக்குக் காட்டினார். பிடி கழற்றிய மம்பட்டி நாலு. புருஷன் தோளில், மட்டம் பார்க்க மூங்கிலில் கட்டிய ஒரு சட்டம். நடுவில் நூலில் ஒரு கல் தொங்கியது. ரயில் கார்ட் வந்து இது என்ன என்று கேட்டார். "நெலத்துக்குங்க" என்றார் அக்கா. அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு திமிர். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ரயில் அசைந்தபோது அந்த ஐந்தாவது குடையை ஜன்னல் வழியாக நீட்டி ஆட்டினார். "வாடகக் கடைக்கு எத்தன வருஷம் தண்ணி எறைப்பீங்க தம்பி? ஒரு மேடாப் பாத்து வாங்குங்க" என்று கத்தினார்.

முதல் வருஷம் ஒரு கடிதம் வந்தது, யாரோ எழுதியது. ஊரே கூடி நின்று சிரிக்கிறதாம், மேட்டில் போய்க் குழி வெட்டுகிறார்கள் என்று. பாதி நாள் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய், மீதி நாள் கான் வெட்டுகிறார்களாம். பிறகு ஒன்றும் இல்லை. இரண்டு வருஷம், மூன்று வருஷம். நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. தபால்காரர் சும்மா கடந்து போகும் ஒவ்வொரு நாளும், மேட்டைத்தான் வாங்க வேண்டும் என்று சேர்த்து எழுதிய அந்த நாலு வரி என்னைத் தின்றது.

நான்காம் வருஷம் ஒரு காலையில் தபால்காரர் வாசலிலேயே நின்று கத்தினார். "நானா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா? திரும்பவும் மண்ணு."

உறையின் மூலை கிழிந்திருந்தது. ஆனால் இந்த முறை தூசி பறக்கவில்லை. உள்ளே இருந்த காகிதத்தில் அந்த மகளின் கையெழுத்து, குண்டு குண்டாகச் சில வரி: 'மாமா, பங்காளி சித்தப்பா வீட்டுக் கெணத்துல இந்தக் கோடையில தண்ணி வத்தல. எங்க கானுல நிக்கிற தண்ணிதான் கீழ எறங்குதுன்னு அவரே சொல்லிட்டாரு. அம்மா கானுல படிஞ்ச மண்ண மட்டும் அனுப்பச் சொன்னாங்க, நீங்களே பாத்துக்குவீங்களாம்.'

உறையைக் கவிழ்த்தேன். அதே சாசர். கறுத்த மண், கட்டி கட்டியாக, நடுவில் ஒரு வேர்நுனி. கேத்தலை எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். வாப்பா, தபால்காரர், நூல் வாங்க வந்த ஒரு அம்மா, எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சொட்டெல்லாம் மண்ணுக்குள் இறங்கியது, சாசரின் விளிம்பு காய்ந்தே கிடந்தது.

தண்ணீர் எங்கேயும் போகவில்லை.